பாட்டு முடிவதற்குள் ஒரு சுற்று

ஜூன் 9, திங்கள்

இன்றோடு எனக்கு ஐம்பத்தேழு. எனக்குச் சர்க்கரை இருப்பதை மறந்துவிட்டு வீட்டுக்காரர் அல்வா வாங்கி வந்தார். ஆசைக்கு இரண்டு விள்ளல் தின்றேன். அப்புறம் பயந்துபோய் ஒரு கை வெந்தயத்தை அள்ளி விழுங்கினேன்.

ஐம்பத்தேழு என்பது வடிவு அக்கா போன வயது. இதை யாரிடமும் சொல்லவில்லை. வாயால் சொன்னால் பலித்துவிடுமோ என்று இருக்கிறது. அக்கா அன்று காலையில் “நெஞ்சுல வாயு நிக்கி” என்று ஓமத் தண்ணீர் போட்டுக் குடித்தாள். இட்லி ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட்டு, கொஞ்சம் சாய்ந்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். பாத்திரத்தில் தண்ணீர் வற்றித் தீய்ந்த வாசம் வந்தபிறகுதான் அத்தான் போய்ப் பார்த்திருக்கிறார்.

ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டால் போதும். அதற்குத்தான் இந்த டைரி.

ஜூன் 12, வியாழன்

சீலி வந்தாள். முழுப் பெயர் பாக்கியசீலி. பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது தொடர் ஓட்டத்தில் நான் மூன்றாவது ஆள், அவள் கடைசி. நான் ஓடிப்போய்க் குச்சியைக் கொடுப்பேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டு பறந்துவிடுவாள். பிறகு அவள் பி.டி. டீச்சராகிப் பிள்ளைகளை விரட்டினாள். நான் கல்யாணமாகிப் பஸ்ஸுக்குக்கூட ஓடாதவளானேன். அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டு தனியாக இருக்கிறாள்.

“டிசம்பர்ல மதுரையில மூத்தோர் தடகளம் வருதுட்டி. அம்பது வயசுக்கு மேல தொடர் ஓட்டம் இருக்கு. ரெண்டு பேரு கெடச்சாச்சு. நீ மூணாவது, நான் கடைசி. பழைய மாதிரியே.”

“சும்மா இருந்தாலே எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கிட்டி.”

“அடிக்காம நின்னாத்தான் கவலைப்படணும். சவத்த விடுட்டி. திங்கக்கெழம மைதானத்துக்கு வா.”

எங்கள் ஊரில் பேனா எழுதாவிட்டாலும் சவம்தான், பஸ் வராவிட்டாலும் சவம்தான். எல்லோரும் சொல்வதுதான். எனக்கு மட்டும் அந்த வார்த்தையைக் கேட்டால் வடிவு அக்கா ஞாபகம் வருகிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “போயேன்ளா, சர்க்கரைக்கு நல்லதுல்லா” என்றார். என்னைத் தடுப்பார் என்று நம்பியிருந்தேன்.

ஜூன் 16, திங்கள்

சுடிதாரும் கான்வாஸ் ஷூவுமாகத் தெருவில் இறங்கினேன். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டவள் துணியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஆறு மணிக்குச் சர்ச்சில் மணி அடித்ததும் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டுப் போடுகிறார்கள். தினமும் அதே பாட்டுதானாம். பாட்டு தொடங்கும்போது கேட்டிலிருந்து கிளம்பி, முடிவதற்குள் ஒரு சுற்று சுற்றிவிட வேண்டும் என்பது சீலி வைத்திருக்கும் கணக்கு. ஸ்டாப்வாட்ச் நம் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும், நமக்கு வேண்டாம் என்கிறாள்.

அவள் முடித்துவிட்டுக் கேட்டில் சாய்ந்து நின்றாள், பாட்டு இன்னும் முடியவில்லை. நான் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் குனிந்து நின்று, அக்கா மாதிரி இதோ போகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. வீட்டுக்கு வந்து தோசை சுட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

நிற்காமல் ஓட வருகிறது! இன்று பாட்டு முடியும்போது வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டேன். அங்கிருந்து கேட் கண்ணுக்குத் தெரிகிறது. சுற்றில் முக்கால்வாசி.

ஆனாலும் ஓடுகிற நேரமெல்லாம் காது உள்பக்கம்தான் கேட்கிறது. ஒவ்வொரு துடிப்பையும் விசாரிக்கிறேன். இது சரியா, இப்போது வந்ததே இது ஏன் கொஞ்சம் முந்தி வந்தது? முன்னால் சீலியின் முதுகும் அவள் ஒற்றைப் பின்னலும் ஆடி ஆடிச் சின்னதாகிக்கொண்டே போகின்றன. நாற்பது வருடமாக இதே முதுகைத்தான் பார்க்கிறேன், சலித்துவிட்டது.

ஜூலை 30, புதன்

இடது கை மரத்துப்போனது. அத்தான் முகம், அந்தத் தீய்ந்த இட்லிப் பாத்திரம் எல்லாம் கண்முன் வந்துவிட்டன. அப்புறம் பார்த்தால் புது வளையல் இறுக்கிப் பிடித்திருந்தது. சோப்புப் போட்டுக் கழற்றினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மைதானத்தில் கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். சீலி வேண்டாம் என்றுவிட்டாள், பல்வலியாம். ஓடும்போது கீழ்த்தாடையில் விண்ணென்று தெறிக்கிறதாம். பல் டாக்டரிடம் காட்டினாளாம். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கு டீச்சர், கரும்பு தின்னுங்க என்று அனுப்பிவிட்டாராம். கொடுத்துவைத்தவள். பல்லைத் தவிர வேறு கவலை கிடையாது.

வாசலில் பன்னீர் சோடா குடித்து ஏவ் என்று ஏப்பம் விட்டாள். “இப்பத்தான் இதமா இருக்கு” என்றாள். எனக்கு நெஞ்சில் லேசாகக் குத்தியது. அவளிடம் சொல்லவில்லை. கேலி செய்வாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று ஒரு அதிசயம். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது சீலி என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில்! நடுவில் ஷூக் கயிற்றைக் கட்ட ஒரு தடவை நின்றாள், மறுபடியும் ஒரு தடவை. அதைக் கழித்தாலும்கூட எனக்கு இது பெரிய முன்னேற்றம்தான்.

“நீ நல்லா ஓட ஆரம்பிச்சுட்டட்டி” என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

இப்போதெல்லாம் பாட்டு எங்கே முடிகிறது என்று கவனிப்பதில்லை. சீலிக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறேன் என்று பார்ப்பதே சுலபமாக இருக்கிறது.

செப்டம்பர் 22, திங்கள்

போட்டிக்கு டாக்டர் சான்றிதழ் வேண்டுமாம். சீலி தெரிந்த டாக்டரிடம் போய் நின்றதும் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். “டீச்சர், நீங்க எங்களையே ஓட விட்டவங்க” என்றாராம். என்னால் அப்படி வாங்க முடியாது. நெஞ்சில் வயரை ஒட்டி மெஷினில் ஓட வைத்துப் பார்க்கச் சொல்கிறார் வீட்டுக்காரர்.

“போயிட்டு வந்துருவமா?”

“பொறவு பாப்போம்.”

“இப்படிப் பயந்து சாவுததுக்குப் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்லா.”

சாவாம்! மனிதருக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. போனால் எதையாவது கண்டுபிடித்துவிடுவார்கள். போகாதவரை எனக்கு ஒன்றுமில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

முந்திவிட்டேன். சீலியை நான் முந்திவிட்டேன். வேப்பமரத்துக்கு முன்னாலேயே அவளைத் தாண்டிப் போய்க் கேட்டைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தேன். நடந்து வந்துகொண்டிருந்தாள். கல்லூரியில் யாருக்கும் வாய்க்காதது.

வீட்டுக்கு வந்து உளுந்துவடை சுட்டேன். எண்ணெயாவது மண்ணாவது. டப்பாவில் போட்டுச் சீலி வீட்டுக்குக் கொண்டுபோனால் தொடவில்லை. “வாயுட்டி. பத்து நாளா நெஞ்சுல ஏறி உக்காந்துருக்கு. பூண்டு சுட்டுத் தின்னேன், கேக்கல.” நைட்டி முதுகெல்லாம் வேர்வை. ஃபேனுக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தாள்.

தோற்ற எரிச்சலில் வடை வேண்டாம் என்கிறாள் என்று நினைத்தேன். நானே நாலும் தின்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. சீலி வழக்கம்போலப் பலகாரத்துக்கு வந்தாள். எங்கள் வீடு மாடியில். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தால் பாதிப் படியில் உட்கார்ந்து போன் நோண்டிக்கொண்டிருக்கிறாள். “மெசேஜ் வந்துச்சு” என்றாள். அப்படியென்ன அவசர மெசேஜோ.

எனக்கு வெடிச் சத்தத்துக்கெல்லாம் நெஞ்சு எகிறுகிறது. டாக்டரிடம் போவது என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் நான்காம் தேதி காலை.

நவம்பர் 3, திங்கள்

பயத்தில் வீட்டைக் கழுவினேன். நான் திரும்பி வராவிட்டாலும் வருகிறவர்கள் அடுப்படியைப் பார்த்து மூக்கைச் சுளிக்கக் கூடாது. பருப்பு டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டினேன். இந்த மனிதருக்குத் துவரம்பருப்புக்கும் கடலைப்பருப்புக்கும் வித்தியாசம் தெரியாது.

சீலிக்குப் போன் செய்து நாளை ஓட வரமாட்டேன் என்றேன்.

“நல்லதாப் போச்சு. நாளைக்கு மெதுவா எந்திரிச்சு, எட்டு மணிக்கு மேல போயி நான் தனியா நாலு சுத்து வேகமாப் போட்டுப் பழகுதேன். ஒன்ட்ட தோத்துக்கிட்டே இருக்க முடியுமா?” என்று சிரித்தாள்.

நவம்பர் 4, செவ்வாய்

நடுராத்திரி ஆகிவிட்டது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிளினிக்கில் என்னை இறக்கிவிட்டு வீட்டுக்காரர் பாங்க்குக்குப் போய்விட்டார். வயர்களை ஒட்டி மெஷினில் ஓட வைத்தார்கள். காலுக்கடியில் தரை தானாக நகர்ந்தது. நான் அழுதுகொண்டே ஓடினேன். முடிந்ததும் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். என் மகள் வயதுதான் இருக்கும்.

“அருமையா இருக்கும்மா. ஒண்ணுமே இல்ல. உங்களுக்கு இருக்குறது பயம்.”

நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டேன். எதற்கும் கேட்டுக்கொள்கிறேன் என்று அவர் வரிசையாகக் கேட்டார். ஓடும்போது நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி இருக்கிறதா? இல்லை என்றேன். மாடி ஏறும்போது பாதியில் உட்காரத் தோன்றுகிறதா? இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், எங்கள் வீட்டுப் படி ஞாபகம் வந்தது.

“தாடை வலி? சில பேருக்குப் பல்லுவலி மாதிரி வரும். ஓடுனா வரும், நின்னா போயிரும். பெண்களுக்குப் பல நேரம் நெஞ்சே வலிக்காது, வாயுன்னு நெனச்சுக்கிடுவாங்க. காரணமில்லாம வேர்க்கும்.”

“டாக்டர், பல் டாக்டர் பாத்துட்டு, பல்லுல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா?”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “யாருக்கும்மா?”

சொன்னேன். “அவங்க இப்ப எங்க இருக்காங்க?” என்று கேட்டார்.

மைதானத்தில். தனியாக, வேகமாக. என்னிடம் தோற்றுக்கொண்டே இருக்க முடியாதென்று.

போன் போட்டேன். எடுக்கவில்லை. ஓடும்போது போனை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துவிடுவாள். வெளியே வந்தால் பள்ளிக்கூட நேரம், ஸ்டாண்டில் ஒரு ஆட்டோ இல்லை. இரண்டு தெருதான். ஓடினேன். நெஞ்சில் ஒட்டிய பிளாஸ்திரிகள் அப்படியே இருந்தன. கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக என் நெஞ்சு எப்படி அடிக்கிறதென்று கவனிக்காமல் ஓடினேன்.

சீலி மைதானத்துக் கேலரிப் படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்த்து, ஒரு கையில் சோடா பாட்டில். மறு கையால் தாடையைப் பிடித்திருந்தாள்.

“ஆஸ்பத்திரிக்கு வாட்டி. இது வாயு இல்ல. எந்திரி.”

“ஒனக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்களா?”

“ஆமா.”

“அந்தச் சந்தோசத்துல எனக்கு நோயப் புடிச்சுக் குடுக்கியாக்கும். ஒரு ஏப்பம் வந்தாச் சரியாயிரும். சவத்த விடுட்டி.”

கெஞ்சினேன். திட்டினேன். அக்கா கதையைச் சொன்னேன். “கோட்டிக்காரி, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? நீ பயந்தேன்னா ஊரே பயப்படணுமா?” என்று சொல்லிவிட்டு, “இன்னும் ஒரு சுத்துதான் பாக்கி” என்று எழுந்தாள். எழுந்தவள் தடுமாறிக் கம்பியைப் பிடித்தாள்.

நான் சொல்லி அவள் கேட்கமாட்டாள். நான் எதற்கும் பயப்படுகிறவள், என் பேச்சுக்கு அவளிடம் மதிப்பே கிடையாது. ஆனால் ஒன்றை மட்டும் நம்புவாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“சீலி, எனக்கு அடைக்கிட்டி.”

ஒரு நொடி யோசிக்கவில்லை. சோடா பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் அக்குளுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். காப்பாற்றுகிறேன் என்று நானே அவளைக் கொன்றுவிடுவேன் போலிருந்தது.

“தூக்காத! தொடாத! நானே வாரேன்!” என்று கத்தினேன். நெஞ்சடைத்தவள் யாரும் அப்படிக் கத்தமாட்டாள். அவள் கவனிக்கவில்லை.

சோடாக் கடைக்காரர் ஆட்டோவை நிறுத்தினார். உள்ளே அவள் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டு வந்தாள். “பயப்படாதட்டி, நான் இருக்கேன்ல்லா” என்றாள். அவள் கை ஐஸாக இருந்தது. அவளுடைய இயேசுவையும் எங்கள் காந்திமதி அம்மனையும் மாறி மாறிக் கூப்பிட்டேன். ஆட்டோக்காரர் ஒவ்வொரு வேகத்தடையிலும் மெதுவாக ஏறி இறங்கியபோது அவரை அடிக்கலாம் போலிருந்தது.

“டாக்டர், இவளச் சீக்கிரம் பாருங்க. இவ அக்காவும் இப்படித்தான் போனா” என்று கிளினிக் வாசலிலேயே சத்தம் போட்டாள் சீலி. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே அவளைக் காட்டினேன்.

“நீங்க இங்க படுங்கம்மா” என்றார் சீலியிடம்.

“எனக்கில்ல, இவளுக்கு.”

“படுங்க, சொல்லுதேன்.”

வயர் ஒட்டும்போது சீலி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஏட்டி, நடிச்சியா?”

“பாதிதான் நடிப்பு” என்றேன். அழுதுவிட்டேன்.

மெஷினிலிருந்து காகிதம் முழுக்க வருவதற்கு முன்பே டாக்டரம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொன்னார்.

நவம்பர் 5, புதன்

ஐ.சி.யூ. வாசல். உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள்.

நவம்பர் 7, வெள்ளி

இரண்டு இடத்தில் அடைப்பு. பெரியதற்கு ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு சுற்று ஓடியிருந்தால் என்று ஆரம்பித்த பெரிய டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இன்று உள்ளே விட்டார்கள். பச்சைத் துணிக்குள் பாதியாகக் கிடந்தாள். பின்னலை அவிழ்த்து விட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், “எதுக்குட்டி அழுத? சவத்த விடு” என்றாள்.

இன்னொரு தடவை சொல்லு என்றேன். கோட்டி என்று திட்டினாள்.

நவம்பர் 17, திங்கள்

சீலி எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். நான் கூடத்தில் படுத்துக்கொண்டு அவள் மூச்சு விடுகிறாளா என்று காதை வைத்துக் கிடக்கிறேன். வீட்டுக்காரர் அவளுக்கு உப்பில்லாமல் ரசம் வைத்தார். துவரம்பருப்பு டப்பாவைச் சரியாக எடுத்திருந்தார்.

காலையில் அவள்தான் என்னை மைதானத்துக்கு விரட்டினாள். தனியாக ஓடினேன். பாட்டு தொடங்கியபோது கிளம்பினேன். முன்னால் யாருமில்லை, பக்கத்திலும் யாருமில்லை, பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டு ஓடினேன். முடிந்தபோது வேப்பமரத்தடியில் இருந்தேன்.

ஜூலையிலும் இங்கேதான் இருந்தேன். அன்றிலிருந்து நான் ஒரு அடிகூட வேகமாகவில்லை. நான் முந்திக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். அதற்கு நான் வடை சுட்டேன்.

மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒருவர் வந்து, தண்ணி வேணுமாம்மா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும், “எங்கன முடிஞ்சுது?” என்று கேட்டாள் சீலி.

“கேட்டுப் பக்கத்துல” என்று பொய் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம்.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று மதுரையில் போட்டி. எங்கள் இடத்தில் வேறு இருவர் ஓடுகிறார்கள்.

ஒரு சுற்று மெதுவாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெதுவாக என்ற வார்த்தையை வழி முழுக்கச் சீலியிடம் சொல்லிக்கொண்டே போனேன். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை என் இடுப்புப் பையில் இருந்தது. இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். என் நெஞ்சை நான் மறந்தே பல நாளாகிறது. இப்போது அவள் நெஞ்சையும் சேர்த்துப் பயப்படுவதற்கே நேரம் போதவில்லை.

கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே அவள் முன்னால் போய்விட்டாள். பின்னல் பழையபடி ஆடியது. கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் கால் தடுக்குமோ என்று கூப்பிடாமல் பின்னாலேயே போனேன்.

வேப்பமரத்தடியில் அவள் கை பின்னால் நீண்டது. திரும்பவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

மாத்திரைதான் கேட்கிறாள், அவளால் பேசக்கூட முடியவில்லை என்று நினைத்தேன். ஓடினேன். பையைத் திறந்து அட்டையைக் கிழித்து, அவள் கையில் மாத்திரையை வைத்து, விரல்களை மூடிவிட்டேன்.

சீலி நின்று கையைத் திறந்து பார்த்தாள்.

“என்னதுட்டி இது?”

“மாத்திரை. வாயைத் திற. சீக்கிரம்.”

“எனக்கு ஒண்ணுமில்லட்டி. இன்னைக்குப் போட்டி நாளுல்லா, சும்மா நீட்டிப் பாத்தேன்.” சிரிக்க ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். “பயந்துட்டியா?”

“ஆமா.”

“அதான் இப்படி ஓடி வந்துருக்க. காலேஜ்லகூட நீ இவ்வளவு வெரசலா வந்து குச்சியக் குடுத்ததில்ல.”

மாத்திரையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடியும் நடக்க ஆரம்பித்தாள். மீதிச் சுற்று முழுக்க அவள்தான் முன்னால் போனாள். நான் முந்தப் பார்க்கவில்லை.